பரிமளத்தின் மெசின்கால்

பரிமளம் கிணற்றடியிலிருந்து வந்தபோது அவளுடைய தையல் மெசினின் தலை மட்டும் சாக்கின்மேல் கிடந்தது. மிதிகட்டையும் சில்லும் உள்ள இரும்புக்காலைக் காணவில்லை. பின்கொட்டிலில் அவளுடைய புருஷன் முருகேசு, ஊர்காவற்றுறைக் கிறிஸ்தோப்பரிடம் வாங்கிவந்த பழைய கடைச்சல் மெசினை அந்தக் காலில் பூட்டி மரக்கட்டையொன்றைக் கடைந்துகொண்டிருந்தார்.

"இதென்ன கோலம்?"

"யோயோ செய்யிறன். பட்டணத்துக் கடையொண்டிலை விக்கக் கேட்டவை."

பரிமளத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதுளையில் பதினெட்டு வருஷம் நடத்திய கடை எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் எரிந்தபின், ஓடிவந்த புளியங்கூடலில் அடுப்பெரிந்தது அந்த மெசினால்தான். ஏழு மாதமாகக் கதிரையில் இருந்து வேலியைப் பார்த்த மனுஷன் இப்போதுதான் எழும்பினார். எழும்பியும் இதைத்தானா கண்டார்?

"இஞ்சருங்கோ, பக்கத்து வீட்டு அம்பிகைக்கு வாற கிழமை கலியாணம். ஆறு சாறிச்சட்டை வெட்டினபடி கிடக்குது."

"ரெண்டு நாள் பொறும்."

இரண்டு நாள் ஐந்தாயிற்று. கடகம் நிறைய யோயோ. ஒன்றாவது நூலில் மேலே ஏறவில்லை. கீழே போகும், சரியும், செத்த ஓணான்போலத் தொங்கும். முதல் நாள் நூல் சரியில்லை என்றார். மறுநாள் முடிச்சு சரியில்லை என்றார். பரிமளம் கையால் தைத்துத் தைத்து விரலெல்லாம் ஊசி குத்தியது.

ஆறாம் நாள் பொறுக்கமுடியாமல் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். ஒரு பாதி முதிரை மரம். மற்றப் பாதி வேம்பு.

"ரெண்டும் ஒரே அளவு. அளந்தனான்," என்றார் முருகேசு.

"பாரம்?"

"உமக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும்?"

"எனக்குச் சோடி தெரியும். ஒரு கையைப் பட்டிலையும் மற்றக் கையைச் சாக்கிலையும் தைச்சால் சட்டை இழுக்காதோ?"

அரைமணி நேரம் வாதாடினார். பிறகு முகத்தைத் தூக்கிவைத்தபடி ஒரே முதிரைத்துண்டைக் கடைந்து, நடுவால் அரிந்து, இடையில் சிறு குச்சி வைத்துப் பொருத்தினார். அது இறங்கி, ஏறி, உள்ளங்கையில் வந்து இருந்தது.

"நூலும் புதுசுதானே," என்றார்.

"இவ்வளவு நியாயம் பேசுற வாய் ஏழு மாசமா எங்கை போனது?"

முருகேசு மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தார்.

"அண்டைக்கு ஓடிவரேக்கை கடையைப் பூட்டிப்போட்டு வந்தனான், பரிமளம். ரெண்டு ஆமைப்பூட்டு. இழுத்தும் பார்த்தனான். எரியப்போற கடையை ஆர் பூட்டுவான்? திறந்து விட்டிருந்தால் ஆராவது நாலு சாமானையாவது கொண்டுபோயிருப்பினம்."

பரிமளத்துக்குக் கோபத்தை அப்படியே வைத்திருக்க ஏலவில்லை. அதுவும் அவளுக்கு எரிச்சலாகவே இருந்தது.

"மத்தியானம் வரைக்கும் மெசின்கால் எனக்கு," என்றாள். "பிறகு உங்களுக்கு."

"ஒவ்வொரு நாளும் கழட்டிப் பூட்ட ஒரு மணித்தியாலம் செல்லும்."

"செல்லட்டும். சும்மா இருந்த நேரம்தானே."

அவர் முணுமுணுத்தபடி குறடொன்றை எடுத்துக் குனிந்தார். முதல் நட்டு கழன்று உருண்டு விறகுக்கடியில் போனது.

"இனி அதையும் நான்தான் தேடோணும்," என்று பரிமளம் சேலையைச் செருகிக்கொண்டு விறகை இழுக்கத் தொடங்கினாள்.