மகளுக்கு முன்னால் மருந்து குடித்தவர்

தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த தேவசிகாமணிக்கு ஒரே மகள் பியூலா. பதினைந்து வயது. 1912-ஆம் வருஷம் ஐப்பசி மழை தொடங்கியபோது பேச்சைக் குறைத்தாள்; மழை விட்டபோது அறவே நிறுத்தியிருந்தாள். பள்ளிக்கூடம் போகவில்லை, தலை சீவவில்லை. பாளையங்கோட்டை வீட்டின் உள்ளறையில் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். தாய் சாரம்மாள் ஊட்டினால் இரண்டு வாய் வாங்குவாள். அப்புறம் வாயில் சோறு இருப்பதையே மறந்துவிடுவாள்.

முதலில் யோசனை சொன்னவர் சாரம்மாளின் அண்ணன் அப்பாத்துரை. யோசனை சொல்வதற்கென்றே வண்டி கட்டிக்கொண்டு வருகிற மனிதர்.

“மாப்ளே, இது காத்து கருப்பு. திசையன்விளையில ஐயம்பெருமாள்னு ஒருத்தன் இருக்கான். பிரம்பை எடுத்தான்னா எந்தப் பேயும் நிக்காது. சபையில யாருக்கும் தெரியாம கூட்டிட்டுப் போயிருவோம்.”

“பிரம்பால எதை அடிப்பான்?”

“பேயைத்தான்.”

“பேய் எங்கன இருக்கு?”

அப்பாத்துரை உள்ளறையைக் கைகாட்டினார். “பிள்ளை மேல.”

“அப்பம் முதல்ல என்னை அடிக்கட்டும். தாங்குமான்னு நான் பார்த்துட்டு வாரேன்.”

அப்பாத்துரையே அவரை அழைத்துப் போய், “பேய் இவருக்குத்தான்” என்று ஒப்படைத்தார். ஐயம்பெருமாள் வேறு எதுவும் கேட்கவில்லை. தூணில் கட்டி, “யாரு நீ? பேரைச் சொல்லு!” என்று பிரம்பை வீசினான். மகள் பேசாததால் தானும் பேசக்கூடாது என்று தேவசிகாமணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். சற்று நேரத்தில் கடித்த பல் விட்டுப்போயிற்று. பேய்க்கு ஒரு பெயர் அவசரமாகத் தேவைப்பட்டது. கச்சேரியில் அவரை நாள்தோறும் வாட்டி எடுக்கும் மேலதிகாரி சிரஸ்தாரின் பெயர்தான் வாயில் வந்தது.

“வைத்தியலிங்கம் பிள்ளை! சிரஸ்தார் வைத்தியலிங்கம் பிள்ளை!”

“எப்பம் செத்தாரு?”

“இன்னும் சாகலை!”

ஐயம்பெருமாளின் அனுபவத்தில் உயிரோடு இருக்கிறவர் யாரையும் பிடித்ததில்லை. ஆனாலும் அவன் அசரவில்லை. சர்க்கார் பேய் என்பதால் ஒரு சேவலுக்கு இரண்டு சேவலாகக் கேட்டான்.

தேவசிகாமணி குப்புறப் படுத்துக்கொண்டே வண்டியில் வீடு திரும்பினார். “அங்கன வேண்டாம்” என்று மட்டும் மனைவியிடம் சொன்னார்.

அடுத்த யோசனை கங்கைகொண்டான் வைத்தியர் அம்மையப்பன். ரயிலேறிப் போய், “எனக்குத்தான் புத்தி சரியில்லை” என்றார் தேவசிகாமணி. வைத்தியர் உடனே நம்பினார். மூக்கில் ஒரு சாற்றைப் பிழிந்தார். பேதி மருந்து கொடுத்தார். அது வேலை செய்துகொண்டிருக்கும்போதே தலையைச் சுத்தமாக மழித்து, எலுமிச்சம்பழத்தைத் தேய்க்க ஆள் வைத்தார். நிறுத்தச் சொல்லிக் கத்தினார் தேவசிகாமணி. “கத்துதது நல்ல குணம்” என்று வைத்தியர் இன்னொரு பழத்தை எடுத்துக் கொடுத்தார்.

மழித்த தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவருக்காக அப்பாத்துரை காத்திருந்தார்.

“மாப்ளே, இது ஒண்ணும் வேண்டாம். பேசாம ஒரு கலியாணத்தைப் பண்ணி வச்சிருவோம். எல்லாம் சரியாப் போவும்.”

அதுவரை வாயைத் திறக்காத சாரம்மாள் கேட்டாள்: “அதுக்கும் இவங்களையே முதல்ல அனுப்பிப் பார்ப்போமா அண்ணாச்சி?”

அப்பாத்துரை மோர்கூடக் குடிக்காமல் வண்டியேறினார். உள்ளறையில் பாய் சரசரத்தது. தேவசிகாமணி எட்டிப் பார்த்தார். பியூலா எழுந்து உட்கார்ந்து அவர் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னப்பா இது?” குரல் கரகரத்தது. பல வாரங்களுக்குப் பிறகு வருகிற குரல்.

அவர் பைய உட்கார்ந்து, பிரம்பையும் பழத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னார். டவுனில் இன்பமணி என்று ஒரு டாக்டரம்மா இருப்பதாகச் சாரம்மாள் வேதக்கோயிலில் விசாரித்து வந்ததையும், நாளைக்கு அங்கே போகப்போவதையும் சொன்னார்.

“அங்கயும் நடிப்பீங்களா? எப்பிடி நடிப்பீங்க, காட்டுங்க.”

அவர் கண்ணை உருட்டினார். வாயைக் கோணிக்கொண்டு, “ம்ம்... ஆ...” என்று முனகினார்.

“நான் இப்பிடியா இருக்கேன்?” பியூலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “கண்ணை உருட்டக்கூடாதுப்பா. கண்ணு ஒரே இடத்துல நிக்கும். பாவாடையில ஒரு பூவைப் பார்த்தா அதுலயே கிடக்கும்.”

“அழணுமா?”

“அழுதா நல்லாத்தான் இருக்கும். வராது. அம்மா சாப்பிடக் கூப்பிடுதது கேக்கும். பதில் சொல்லணும்னு நினைப்பேன். நினைச்சு முடிக்கதுக்குள்ள அம்மா போயிருவா. விடிஞ்சா, இன்னும் ஒரு நாளான்னு இருக்கும்.”

அவர் கோணியிருந்த வாய் தானாக நேரானது. மறுபடி சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். அவர் அதை ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்துகொண்டார்.

இன்பமணியின் ஆஸ்பத்திரி பெண்களுக்கானது என்பது அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. நிறைமாதக்காரிகள் நடுவில் ஒரு மொட்டைத்தலை ஆண்பிள்ளை. வாசலில் ஆட்களை வரிசைப்படுத்தும் ஹமீது பீவி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“உமக்கு எத்தனாவது மாசம்வே?”

பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஆனாலும் அவர் நகரவில்லை. கடைசியில் ஹமீது பீவிக்கே பாவமாகி உள்ளே விட்டாள்.

டாக்டருக்கு முப்பது வயதிருக்கும். தேவசிகாமணி சொல்லச் சொல்லக் குறுக்கிடாமல் கேட்டார். “அம்மா கூப்பிடுதது கேக்கும்... விடிஞ்சா, இன்னும் ஒரு நாளான்னு இருக்கும்... பாவாடையில ஒரு பூவைப் பார்த்தா...”

டாக்டர் அவருடைய வேட்டியைப் பார்த்தார். “ஐயா, இது யாரு சொன்னது?”

இதற்கு முன் போன இடத்திலெல்லாம் ஒருவரும் கேட்காத கேள்வி. தேவசிகாமணி விசும்பி அழுதார். அழுது முடியும்வரை டாக்டர் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

“என் மகதான்மா. அடிப்பீங்களா? தலையை மழிப்பீங்களா?”

“ரெண்டும் கிடையாது. இங்க வர அவளுக்குச் சம்மதமா?”

இத்தனை இடம் அலைந்தவர் மகளிடம் அதை மட்டும் கேட்டதில்லை.

“கேட்டுட்டு வாங்க. இழுத்துட்டு வராதீங்க. ‘இன்னும் ஒரு நாளா’ன்னு சொல்லுதாளே, அதனால கொஞ்ச நாளைக்கு அவளைத் தனியா விடாதீங்க. ராத்திரி அம்மா பக்கத்துல படுக்கட்டும்.”

வீட்டுக்கு வந்து கேட்டார். பியூலா நெடுநேரம் பாயைக் கீறிக்கொண்டிருந்தாள். “நான் பதில் சொல்ல நேரமாகுமே. காத்திருப்பாங்களா?”

“இருப்பாங்க. நான் பார்த்தேன்.”

“அப்பம் வாரேன்.”

அடுத்த வியாழக்கிழமை டாக்டர் அவளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். கூடவே நுழையப் பார்த்த தேவசிகாமணியின் துண்டைப் பிடித்து ஹமீது பீவி வெளியே இழுத்தாள். வெகுநேரம் கழித்து டாக்டர் வந்து, “பிள்ளை சொல்லச் சொன்னதை மட்டும் உங்ககிட்ட சொல்லுதேன்” என்றார். சொன்னதும் கொஞ்சம்தான். கலியாணப் பேச்சு எடுக்கக்கூடாது, பள்ளிக்கூடத்துக்கு அவசரப்படுத்தக்கூடாது, காலையில் ஆற்றங்கரைவரை ஒரு நடை, வாராவாரம் இங்கே வரவேண்டும்.

ஒரே மாதத்தில் சரியாகிவிடும் என்று தேவசிகாமணி எண்ணினார். ஆகவில்லை. மாசியில் ஒரு வாரம் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அவர் ஓடிப்போய்ச் சொன்னபோது, “இப்பிடியும் வரும். வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க” என்றார் டாக்டர், பதறாமல். அந்தப் பதறாமையைப் பிடித்துக்கொண்டுதான் அவரும் சாரம்மாளும் அந்த வாரத்தைக் கடந்தார்கள். பங்குனியில் பியூலா அரைநாள் பள்ளிக்கூடம் போனாள்.

வியாழன்தோறும் வாசலில் உட்கார்ந்திருந்த தேவசிகாமணிக்குச் சும்மா இருக்க முடியவில்லை. உள்ளே போகிற பெண்கள் கைக்குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள். சித்திரையில் ஒரு வியாழன் பியூலா கதவைத் திறந்து வந்தபோது அவர் மடியில் இரண்டு குழந்தைகள். ஒன்று அவர் காதைப் பிடித்து இழுத்தது. இன்னொன்று அவர் வேட்டியை நனைத்துக்கொண்டிருந்தது. அது முடிக்கட்டும் என்று அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

பியூலா சத்தம் போட்டுச் சிரித்தாள். வரிசையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“சிரிக்காதட்டி. ஒண்ணை வாங்கு” என்றார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நனையாத குழந்தையாகப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.