மூச்சன் நடந்த ஞாயிறு

மிருகம் செய்வது லேசான வேலை என்று நினைப்பவர்கள் என்னிடம் வந்து கேட்கட்டும். நானும் என் தம்பி கொலின்சும் ஒரு மிருகத்துக்காக இரண்டு கிழமை மண்டையைப் போட்டு உடைத்தோம்.

எல்லாம் கண்டல் காட்டு ஓடையால் வந்தது. கொக்கிளாய்க் களப்பின் இறால் குஞ்சு பெருப்பது அங்கேதான். வெளியூர்க்காரர் சின்னக்கண் வலையோடு வந்து குஞ்சையே அள்ளத் தொடங்கினார்கள். மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனது. குஞ்சு அழிந்தால், களப்பில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிழைக்கிற எங்களைப் போன்ற பெண்களின் அடுப்பில் பூனைதான் படுக்கும்.

வந்தவர்களைப் பயங்காட்டி விரட்டத்தான் மிருகம். கொலின்ஸ் முதலில் கீறிக்கொண்டு வந்தது கொம்பும் நெருப்புக் கண்ணும் வைத்த ஒன்று. "கோயில் வாகனமோடா செய்யிறாய்?" என்று கொப்பியைப் பறித்தேன். ஏமாற்ற வேண்டியது மீன் பிடிக்கிறவனை. அவனுக்குத் தெரிந்த உயிர்களிலிருந்துதான் எடுக்க வேண்டும். முதலை வாலை இழுத்துப்போகும் கோடு, நீர்நாயின் சவ்வு விரல், கடற்பசு நீருக்கு மேலே வந்து விடுகிற பெருமூச்சு. முழு உடம்பை ஒருவரும் காணக்கூடாது.

"அது எதையாவது தின்னோணும்," என்றேன். "தின்னாத மிருகத்தை ஒருத்தரும் நம்பாயினம்." அதற்காகக் கரையில் நண்டு ஓடும் மீன்செதிலும் கலந்து எச்சமும் வைத்தோம்.

மிருகத்தின் கால்களைப் பூவரசங்கட்டையில் அவன் செதுக்கினான். விடியற்காலையில் அவற்றை வார் போட்டுக் கட்டிக்கொண்டு நான் சேற்றில் நடப்பேன். என் வலது காலில் சுண்டுவிரல் இல்லை, கடைசி யுத்தத்தில் போனது. அந்தப் பக்க வாரை மட்டும் இறுக்கிக் கட்ட வேண்டும். அவன் கண்டலுக்குள் நின்று குழாயைத் தண்ணீரில் வைத்து ஊதுவான்.

மூச்சன் என்று பெயர் வைத்தது ஊர்தான். ஒரு மாதத்தில் வெளியூர் வள்ளம் ஒன்றையும் காணோம். எங்கள் பெண்களும் பயந்து ஓடையில் இறங்கவில்லை. பக்கத்து வீட்டு நிறஞ்சனா இரண்டு பிள்ளைகளைத் தனியே வளர்ப்பவள். அதுகள் வெறுஞ்சோறு தின்பதைப் பார்த்து எனக்கு உண்மை நுனிநாக்கு வரை வந்துவிட்டது. கொலின்ஸ்தான் தடுத்தான்.

"வாய் திறக்காதேங்கோ அக்கா. குஞ்சு பெருக்கட்டும். பிறகு எல்லாருக்கும்தானே."

நம்பினேன், மடைச்சி.

ஒருநாள் நிறஞ்சனா சொன்னாள்: "அக்கா, அது வேதக்கார மிருகம் போல கிடக்கு. ஞாயிற்றுக்கிழமையில தடமே இல்லை."

எனக்குத் திக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தொழிலுக்கு இறங்குவதில்லை, வேதக்கோயில் பூசைக்குப் போவோம். மிருகமும் எங்களோடு சேர்ந்து ஓய்வெடுத்திருக்கிறது. கொலின்சிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

அடுத்த ஞாயிறு அவன் காய்ச்சல் என்று பூசைக்கு வரவில்லை. பூசை முடிய ஒரே கதை, ஓடைக்கரையில் புதுத்தடமாம். பிழையைத் திருத்த நாள் பார்த்தானே என்று ஏசுவதற்குத்தான் தடத்தின் பின்னால் போனேன்.

ஓடை வளைகிற இடத்தில் மரக்கால்கள் கழற்றிக் கிடந்தன. கொலின்ஸ் இடுப்பளவு தண்ணீரில் நின்று சின்னக்கண் வலையை இழுத்துக்கொண்டிருந்தான். வலை நிறைய நகமளவு குஞ்சு.

"எத்தினை நாளாய்?"

"துவக்கத்திலயிருந்தே. நீங்கள் காலைக் கழட்டிப்போட்டு வீட்டை போன பிறகு." பிறகு பல்லைக் காட்டினான். "நீங்கள்தானே சொன்னியள், தின்னாத மிருகத்தை ஒருத்தரும் நம்பாயினம் எண்டு."

வெளியூர்க்காரன் அள்ளியிருந்தால் அழுதுவிட்டுக் கிடந்திருப்பேன். இவன் என் கூடப்பிறந்தவன். நிறஞ்சனாவின் பிள்ளைகளை வெறுஞ்சோறு தின்னவைத்து, இந்தப் பாழ்படுவானுக்கு நான் காவல் நின்றிருக்கிறேன்.

"ஊரிட்டைச் சொல்லுங்கோவன்," என்றான். "ஒரு மாசமாய் நடந்தது ஆரெண்டும் சேத்துச் சொல்லுங்கோ."

நான் குனிந்து மரக்கால்களைக் கட்டினேன். அவன் வலையை விட்டுவிட்டு ஏறி வருவதற்குள் பாதி வழி போய்விட்டேன். ஓடையிலிருந்து ஊருக்குள் போகிற ஒழுங்கையால், மணலில் ஆழமாக மிதித்து, அவனுடைய வீட்டு வாசல்வரை மூச்சனை நடத்திக்கொண்டு போனேன். அங்கே கால்களைக் கழற்றிப் படியில் வைத்தேன்.

அங்கிருந்து வெறுங்காலோடு நிறஞ்சனாவின் வீட்டுக்கு நடந்தேன். மணலில் ஒரு விரல் குறைந்த தடம் விழுந்துகொண்டே வந்தது. கதவைத் தட்டினேன்.

திறந்தவள் ஒழுங்கையில் மூச்சனின் தடம் முடிந்து என் தடம் தொடங்குவதைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள்.