ஒரே எடை, இரண்டு இருதயம்

காக்ஸ் டவுனில் பேக்கரி ஆம்ப்ரோஸைத் தெரியாதவர்கள் கிடையாது. அவர் தெருவில் வந்தால் முதலில் வயிறு வரும், அப்புறம் சிரிப்பு வரும், அதற்குப் பிறகுதான் ஆள் வருவார். மனைவி மார்வலியில் போனபின் பெட்டி என்ற ஒரே மகளைத் தனியாகவே வளர்த்து டீச்சராக்கியிருந்தார். அவளுக்கும் மர்பி டவுன் டென்சிலுக்கும் கல்யாணம் என்று மாதா கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய அறிவிப்பில் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது.

டென்சிலுக்கு ரயில்வே பட்டறையில் சம்மட்டி அடிக்கும் வேலை. கயிறு இழுக்கும் பந்தயத்தில் அவன்தான் கடைசி ஆள். குதிகாலை மண்ணில் ஊன்றிவிட்டால் எதிர்ப்பக்கம் எத்தனை பேர் இழுத்தாலும் அசையமாட்டான்.

அப்படிப்பட்டவனுக்கு இருமல் வந்தது. போகவே இல்லை. அந்தக் காலத்தில் நாள்பட்ட இருமல் என்றால் எல்லோருக்கும் ஒரே பயம்தான், காசநோய். மார்பைப் படம் எடுத்தார்கள். நுரையீரல் சுத்தம். ஆனால் படத்தைப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"இருதயம் ரொம்பப் பெரிசா இருக்கு. வீக்கம்தான். இனிமே சம்மட்டியைத் தொடாதே."

இருமல் அடுத்த வாரமே தானாகப் போய்விட்டது. செய்தி போகவில்லை. காக்ஸ் டவுன் வரை வந்து சேர்ந்தது. ஆம்ப்ரோஸ் நேரே பாதிரியார் வீட்டுக்குப் போய், இரண்டாவது ஓலையை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?" என்றாள் பெட்டி.

"கேக்க என்ன இருக்கு? உங்கம்மாவைக் கொண்டுபோய் வெச்சது போதும்மா. இன்னொரு கெட்ட இருதயத்தை இந்த வீட்டுக்குள்ள விடமாட்டேன்."

அவர் குரல் உடைந்ததால் பெட்டிக்குச் சண்டை போட மனம் வரவில்லை. ஆனால் சும்மா இருக்கவும் அவளால் முடியாது. பசவனகுடியில் டாக்டர் ஸ்ரீகண்டன் என்று ஒருவர், சொந்தத்தில் எக்ஸ்ரே மெஷின் வைத்திருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டாள். "நீங்களும் வாங்க. அவர் வாயாலயே கேட்டுட்டு அப்புறம் நிறுத்துங்க," என்று அப்பாவையும் கிளப்பினாள்.

மூன்று பேரும் ஒரே ஜட்காவில் போனார்கள். குதிரை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தது.

டாக்டர் முதலில் டென்சிலை எடை பார்த்தார். பதினாலு ஸ்டோன், இந்தக் காலக் கணக்கில் தொண்ணூறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. "அட, என் எடை!" என்றார் ஆம்ப்ரோஸ். டாக்டருக்குக் குஷி வந்துவிட்டது. "அப்படியா? ஏறுங்கோ சார்." முள் அதே இடத்தில் நின்றது. டாக்டர் டென்சிலின் புஜத்தைக் கிள்ளிப் பார்த்தார், பிடிபடவில்லை. ஆம்ப்ரோஸின் இடுப்பில் ஒரு கை நிறையக் கிடைத்தது.

"எடை ஒண்ணு, சரக்கு வேற. மூணு பேரும் உள்ளே வாங்கோ."

இருட்டறையில் எக்ஸ்ரே திரையின் பச்சை வெளிச்சத்தில் டென்சிலின் மார்பு தெரிந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே பெரிய நிழல் ஒன்று நிதானமாகச் சுருங்கி விரிந்தது. பெட்டி மூச்சு விடாமல் பார்த்தாள். இரண்டு வருஷமாகப் பழகியவன். இத்தனை உள்ளே அவனைப் பார்த்ததில்லை. அடுத்து ஆம்ப்ரோஸ் போய் நின்றார். அவர் இருதயம் அதைவிடச் சின்னது.

டாக்டர் அதோடு விடவில்லை. டென்சிலை மாடிப்படி ஏறி இறங்கவிட்டார். நாடி பார்த்தார், மார்பில் குழாய் வைத்துக் கேட்டார், ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

"வியாதியாலயும் இருதயம் பெரிசாகும். அதனாலதான் இத்தனை சோதனை. இவருக்கு வியாதி இல்லே. உடம்பு பூரா சதை. உழைக்கிற சதை நிறைய ரத்தம் கேக்கும். கொடுக்கிற இருதயமும் அதுக்குத் தக்கபடி வளரும். கொழுப்பு அவ்வளவு கேக்காது. எடையை மட்டும் வெச்சு உள்ளே இருக்கிறதை அளக்கப்படாது."

பெட்டி டென்சிலின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆம்ப்ரோஸ் முகம் மட்டும் சுருங்கிப்போயிருந்தது.

"அப்போ எனக்கு எல்லாமே சின்னதுதானா டாக்டர்?"

"படுங்கோ, பாக்கலாம்." டாக்டர் அவர் வலது விலாவுக்குக் கீழே தட்டிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். "ஈரல் பெரிசா இருக்கு."

"பாத்தியா!" என்று ஆம்ப்ரோஸ் மகளைப் பார்த்து மலர்ந்தார்.

"சந்தோஷப்படாதேயுங்கோ. அது உழைச்சு வளர்ந்ததில்லே. கொழுப்பு அங்கேயும் குடியேறியிருக்கும்னு தோண்றது. வெண்ணெயைக் குறைங்கோ, தினம் நடங்கோ."

திரும்பும்போது அல்சூர் தாண்டியதும் ஆம்ப்ரோஸ் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார்.

"பாதிரியார் வீட்டுக்கு நடந்தே போறேன்."

டென்சிலும் கூடவே குதித்தான். "மாமா, மெதுவா."

"உன் இருதயம் பெரிசு, நீ ஓடுவே. நான் இப்படித்தான் வருவேன்," என்று சொல்லி அவன் தோளில் கை போட்டுக்கொண்டார்.

பெட்டி ஜட்காவில் தனியாக, அவர்கள் பக்கத்திலேயே ஊர்ந்து வந்தாள். பாதிரியார் கதவைத் திறந்தபோது ஆம்ப்ரோஸுக்கு மூச்சு வாங்கியது. கையை மட்டும் ஆட்டினார்.

"ஞாயிற்றுக்கிழமை ஓலையை வாசிச்சிடுங்க ஃபாதர்," என்றாள் பெட்டி. "அப்பாவுக்குக் குடிக்கக் கொஞ்சம் தண்ணி."