பதினேழு போர்டும் ஒரு வெள்ளிக்கிழமையும்

என் கணவர் ராமபத்ரன் தூரிகையைப் பிடித்து ஓர் எழுத்தைப் போட்டால் வழியில் போகிறவர் நின்று பார்ப்பார். ஆனால் ‘முடியாது’ என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவே வராது. திருவள்ளூர் பஜாரில் எங்கள் போர்டு எழுதும் கடைக்கு யார் வந்தாலும், “உங்களோடதுதான் முதல். வெள்ளிக்கிழமை வந்துடுங்கோ” என்பார். வெள்ளிக்கிழமை காலையில், காக்களூர்ப் பக்கம் புதிதாக ஷெட் போடுகிறவர்கள், கடை வைக்கிறவர்கள் எல்லோரும் வந்து நிற்பார்கள். இவர் இருக்க மாட்டார். பெயின்ட்டில் கலக்க டர்பன்டைன் வாங்கப் போவதாகச் சொல்லி ரயிலேறி, கடம்பத்தூர் ஸ்டேஷன் பெஞ்சியில் போய் உட்கார்ந்துவிடுவார். எந்த ஊரிலாவது ஸ்டேஷன் பெஞ்சியில் டர்பன்டைன் விற்கிறதா?

அத்தனை பேரிடமும் திட்டு வாங்குவது தானியேல். தகரத்தை வெட்டி, சட்டம் அடித்து, பூச்சுப் பூசி, இவர் கோடு போட்ட எழுத்துக்கு வர்ணம் கொடுத்து முடிப்பதெல்லாம் அவர்தான். ஆறு வருஷமாக எங்களோடு இருப்பவர். அவர் இல்லையென்றால் கடையே இல்லை. இது என் கணவரைத் தவிர ஊருக்கே தெரியும்.

எழுபத்தோராம் வருஷம் ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, காப்பி கொண்டுபோன என்னிடம் தானியேல் மெதுவாகச் சொன்னார்.

“அம்மா, அம்பத்தூர்ல ஒரு கம்பெனில கூப்புட்றாங்க. மிஷினுக்குப் பெயின்ட் அடிக்கிற வேல. சனிக்கெழம பதில் சொல்லணும். வர்ற வெள்ளிக்கெழமையும் நான் ஒண்டியா திட்டு வாங்கினு நின்னேன்னா, போய்டுவேம்மா.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். போய்விடுவார் என்று புரிந்தது.

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தேன். யார் யாருக்கு என்ன போர்டு என்று கடையில் ஒரு நோட்டுக் கிடையாது. சட்டைப் பைகளைத் துழாவினேன். தீப்பெட்டி அட்டை, பஞ்சாங்கத்தின் ஓரம், சுவரில் கரிக்கோடு என்று ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு பெயர் கிடைத்தது. மிச்சத்தை அவர் சாப்பிட உட்காரும்போது பேச்சுவாக்கில் கறந்தேன். மொத்தம் பதினேழு. பதினேழு பேருக்கும் ‘நீங்கள்தான் முதல்’.

பழைய பலகை ஒன்றுக்குக் கறுப்படித்து, யார் எப்போது சொன்னார்களோ அந்த வரிசையில் சாக்பீஸால் எழுதினேன். வரிசை எண், பெயர், கடைசியில் தேதி. தேதியை மட்டும் தானியேலைக் கேட்டேன்.

“தேதி எப்டிம்மா சொல்றது? சனிக்கெழமைக்கு அப்பறம் நான் இருக்கறனோ இல்லையோ.”

தேதிக் கட்டம் பதினேழும் காலியாகவே இருந்தன.

வெள்ளிக்கிழமை காலை பலகையைக் கடை வாசலில் மாட்டினேன். என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“செங்கமலம், என்ன காரியம் பண்ணிட்டே! யாருக்கு முதல், யாருக்குக் கடைசின்னு நாலு பேர் பார்க்க எழுதி வைப்பாளா? கோயில்ல முதல் தீர்த்தம் யாருக்குன்னு என் பெரியப்பாவும் சித்தப்பாவும் பதினோரு வருஷம் பேசிக்கலை, தெரியுமோ?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனுஷர் சோம்பலில் பொய் சொல்லவில்லை. சண்டைக்குப் பயந்து ஆளுக்கொரு முதலிடம் கொடுத்திருக்கிறார். பாவம் என்றுகூடத் தோன்றியது. அதற்குள் வாசலில் ஆட்கள் வந்துவிட, ரயிலுக்கு நழுவ வழியில்லாமல் அவர் பாதி எழுதி நிறுத்தியிருந்த ரைஸ்மில் போர்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்.

காக்களூரில் போல்ட்டு, நட்டு செய்யப் போகும் சுப்பராயன்தான் முதலில் கத்தினார். “இன்னாய்யா இது? நான் பதினாலா? நீதான் மொதல்னு சாமி சொல்லிச்சே!”

“என்கிட்டயும் அதான் சொன்னாரு” என்றார் சைக்கிள் கடை பாக்கியநாதன்.

“என்னாண்டயும்தான்!” என்றாள் இட்லிக் கடை போடப் போகும் பூவம்மாள்.

சுப்பராயன் வழக்கம்போலத் தானியேல் பக்கம் திரும்பினார். “ஏம்பா, ஊரையே பேஜாரு பண்றீங்களா?” தானியேல் கையிலிருந்த தகரக் கத்திரியைக் கீழே வைத்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

ரைஸ்மில் போர்டு அசைந்தது. மூக்கில் பச்சைப் பெயின்ட்டோடு என் கணவர் வெளியே வந்தார். தானியேலுக்கு முன்னால் போய் நின்று கைகூப்பினார்.

“தானியேலை ஒண்ணும் சொல்லாதீங்கோ. எல்லார்கிட்டயும் முதல்னு சொன்னது நான்தான். தப்பு என்னோடது.”

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவரை அவ்வளவு பிடித்துப்போன நாள் வேறில்லை. பூவம்மாள்தான் முதலில் சிரித்தாள். “பதினேழு பேரும் மொதல்ல! சாமிக்கு எவ்ளோ பெரிய மனசு!” அதற்கப்புறம் சிரிக்காதவர் யாரும் இல்லை.

பலகையில் முதல் பெயராக இருந்த பாக்கியநாதன் அருகே வந்தார். “எங்கடைல டயர் தொங்கறதப் பாத்தே ஜனம் வருது. பூவம்மாக்கா திங்கக்கெழம கடை தொறக்குது. என் மொத எடத்த அதுக்குக் குடும்மா.”

நான் அழித்து எழுதினேன். உடனே வேறொருவர், ஆடி போகட்டும், ஆவணியில்தான் எனக்குத் திறப்புவிழா என்று கீழே இறங்கினார். கடைசியில் எல்லோரும், உங்களுக்கு எப்போது திறப்பு என்று கேட்பதுபோலச் சுப்பராயனைப் பார்த்தார்கள்.

“எனக்கா? ஷெட்டுக்கு இன்னும் கூரையே போடலியே” என்று தலையைச் சொறிந்தார் அவர்.

“அப்ப இன்னாத்துக்குண்ணே அவ்ளோ சத்தம்?” என்று கேட்டாள் பூவம்மாள்.

“மொத எடம் தர்றேன்னு சொன்னத சும்மா உட்றதா? சரி, கடைசியாவே போட்டுக்கம்மா. தேதிய மட்டும் கரீக்டா சொல்லு சாமி.”

என் கணவர் வாயைத் திறந்தார். “வெள்ளிக்...”

“ஐயோ, வாணாம்!” என்று கூட்டமே அலறியது.

தானியேல் என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கினார். “பெயின்ட் காயணும். வாரத்துக்கு ரெண்டுதான். திங்கக்கெழம ஒண்ணு, வியாழக்கெழம ஒண்ணு” என்று சொல்லிக்கொண்டே பூவம்மாளுக்கு நேரே ஜூலை 19 என்று எழுதினார். அடுத்து 22. ஜூலை நாலு கட்டத்தில் முடிந்தது. ஆகஸ்ட் ஒன்பது கட்டம் ஓடியது. பதினேழாவது கட்டத்தில் செப்டம்பர் 13 என்று போட்டு, கையைத் தட்டிக்கொண்டார்.

“அதுக்குள்ள கூரை போட்டு வைண்ணே. நானே எடுத்தாந்து மாட்டறேன்.”

செப்டம்பரில் நானே மாட்டுகிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

“அப்போ அம்பத்தூர்?” என்றேன்.

“பதினேழு பேருக்குத் தேதி குடுத்துட்டனேம்மா” என்று சொல்லிவிட்டு, பூவம்மாளின் தகரத்தை வெட்ட உள்ளே போனார் தானியேல்.