கசத்தூரின் மூன்றாம் பாகம்

தூத்துக்குடி விமான நிலைய வாசலில் குமரகுருபரன் தன் அப்பாவின் முகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அட்டையில் படம் ஒட்டியிருந்தது. கீழே இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. காலையில் மேலப்பாளையத்தில் வேனை எடுக்கும்போது டிராவல்ஸ் முதலாளி முகம்மது மைதீன்தான் அதைக் கையில் கொடுத்தார்.

"ஸ்காட்லாந்துல இருந்து காலேஜ் பிள்ளைக வருது. ஒன்பது பேரு, கூட ஒரு புரொபசரம்மா. யாரோ கதை எழுதுன ஆளாம், சேரன்மாதேவிக்காரராம். அவர் இருந்த இடமெல்லாம் சுத்திப் பாக்கணுமாம். பன்னெண்டு நாளு. இந்தப் படத்தப் பிடிச்சுக்கிட்டு நில்லு, அவங்களே வந்துருவாங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதினோரு வருடமாக அங்கே வண்டி ஓட்டுகிறான். அப்பா கதை எழுதினவர் என்று யாரிடமும் வாய் திறந்ததில்லை.

அப்பா மந்திரமூர்த்தி பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தார். கன்னடியன் கால்வாய்க் கரையில் நடந்து, முறைப்படி மடைகளைத் திறந்து மூடுவது வேலை. மற்ற நேரமெல்லாம் எழுதுவார். தாமிரபரணியில் கசம் என்று சொல்லும் ஆழமான மடு ஒன்றுக்கு அடியில் ஓர் ஊர் இருப்பதாகவும், கால்வாயில் காணாமல் போகிற தண்ணீரெல்லாம் அங்கேதான் போகிறது என்றும் ஒரு கதை. 'கசத்தூர்' என்று பெயர். இரண்டு பாகம் அச்சில் வந்தது. உள்ளூரில் நூறு பேர் படித்திருந்தால் அதிகம். அவர் இறந்து மூன்று வருடம் கழித்து யாரோ இங்கிலீஷில் மொழிபெயர்த்தார்கள். அதன் பிறகுதான் வெள்ளைக்காரர்கள் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள்.

இந்தப் பயணத்துக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. வீட்டைப் பார்க்கலாமா, அம்மாவிடம் பேசலாமா என்று கேட்டிருந்தார்கள். குமரகுருபரன் பதில் போடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

முதல் மூன்று நாள் அவன் வண்டி ஓட்டுவதோடு நிறுத்திக்கொண்டான். பிள்ளைகளோடு வந்த பேராசிரியை பெயர் ஃபியோனா. இங்கிலீஷ் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் அவர்தான். தமிழில் சொல்வதை அவர்களுக்கு இங்கிலீஷில் சொல்ல, பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தும் டெல்பின் உடன் வந்தாள். மணப்பாட்டுப் பக்கத்துப் பெண். டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வழியில் பேசுவதையெல்லாம் அவனுக்கும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். டிரைவர் என்று விட்டுவிடக் கூடாது என்பது அவள் எண்ணம். நல்ல மனசு.

மூன்றாம் நாள் கால்வாய்க் கரைக்குப் போனார்கள். ஐலா என்ற பெண், இருபது வயது இருக்கும், மடையின் இரும்புச் சக்கரத்தில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். துருவெல்லாம் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. கை துடைக்கக் குமரகுருபரன் துணி கொடுத்தான். அவள் வாங்கவில்லை. இருக்கட்டும் என்று தலையாட்டினாள். அந்தச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி அப்பாவின் கை காய்த்திருந்ததும், அந்தக் கையால் தன் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் ஒருநாள் கையெழுத்துப் போடக்கூட நேரமில்லை என்று அவர் சொன்னதும் அவனுக்கு ஞாபகம் வந்தன.

நான்காம் நாள் காலை பத்து மணி இருக்கும். வண்டி சேரன்மகாதேவிக்குள் நுழைகிறது. பின்னால் ஃபியோனா ஏதோ சொன்னார். பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். டெல்பினும் சிரித்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, இது ஒரு பெரிய கதை. இவரு மூணாவது பாகமும் எழுதி முடிச்சு வச்சிருந்தாராம். வீட்டுக்காரம்மா அடுப்பெரிக்கத் தாள் இல்லன்னு அதத் தூக்கி உள்ள வச்சிட்டாங்களாம். மேடம் முன்னுரையிலயே எழுதியிருக்காங்க. அவரே ஒரு கூட்டத்துல சொன்னாராம். 'உலகத்துலயே விலை கூடுன சோறு அன்னைக்கு நான் தின்னதுதான்'ன்னு."

இந்தச் சிரிப்பைக் குமரகுருபரன் முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். கூட்டத்தில் சிரித்தார்கள். பத்திரிகையில் போட்டார்கள். அப்பாவின் இரங்கல் கூட்டத்தில்கூட ஒருவர் சொன்னார், அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே. இப்போது கடல் தாண்டிப் போய் முன்னுரையிலும் ஏறிவிட்டது.

நேராகப் போக வேண்டிய வண்டியை இடதுபக்கத் தெருவில் திருப்பினான். நாலு வீடு தள்ளி, நீல கேட் போட்ட ஓட்டு வீட்டு முன்னால் நிறுத்தினான்.

"அண்ணாச்சி, ஆத்துக்கு இப்படியா போணும்?"

"டீச்சர், இதுதான் அந்த வீடு. நான் அவருக்கு மவன். அந்த அம்மா உள்ளதான் இருக்காக. அடுப்புல வச்சது அவுக இல்ல. எங்க அப்பா. நீங்க லெட்டர் போட்டிய, நான்தான் பதில் போடல. இந்தச் சிரிப்ப எங்க அம்மா இன்னொரு தடவ கேக்க வேண்டாம்னுதான் போடல. இத அப்படியே அவங்ககிட்ட சொல்லுங்க."

டெல்பின் பின்பக்கம் திரும்பி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக இங்கிலீஷில் சொன்னாள். ஃபியோனாவின் முகம் சிவந்து போயிற்று. எழுந்து முன்னால் வந்து, தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில், "மன்னிக்கணும். நான் எழுதினேன். உங்க அம்மாகிட்ட கேட்கல" என்றார்.

அதற்குள் அம்மா பிரம்மநாயகியே கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள். எழுபத்தாறு வயது. கையில் பாதி உருவின முருங்கைக்கீரை.

"ஏலே, வண்டியோட வந்து நிக்க? ஆரு இவ்வளவு பேரு?"

"அப்பா கதையப் படிச்சிட்டு வந்திருக்காகம்மா."

"அப்ப வெயில்ல என்னத்துக்கு நிக்க வச்சிருக்க? உள்ள கூப்பிடு."

ஒன்பது பேரும் முன்னறையில் பாயில் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஃபியோனா நாற்காலியை மறுத்துவிட்டுத் தானும் தரையில் உட்கார்ந்தார். நடந்ததை டெல்பின் பிரம்மநாயகியிடம் சொன்னாள். முன்னுரையில் தப்பாக எழுதிவிட்டோம், எரித்தது அவர்தான் என்று உங்கள் மகன் சொன்னார், திருத்திவிடுகிறோம் என்றாள்.

பிரம்மநாயகி மகனைப் பார்த்தாள்.

"அப்படியா சொன்ன?"

"ஆமா. நான் பள்ளிக்கூடம் விட்டு வாரேன், அப்பா அடுப்பு முன்னால உக்காந்திருக்காரு. எரிஞ்சுக்கிட்டிருக்கு. நான் பாத்தேன்லா?"

"பாதியத்தான்ல பாத்திருக்க. அப்ப நான் தண்ணி எடுக்கப் போயிருந்தேன். நான்தான் எரிச்சேன்."

இத்தனை பேர் முன்னால் அம்மா இப்படிச் சொல்வாள் என்று குமரகுருபரன் நினைக்கவே இல்லை. டெல்பின் இதை மொழிபெயர்ப்பதா வேண்டாமா என்று தயங்கினாள். "சொல்லும்மா, சொல்லு" என்றாள் பிரம்மநாயகி.

"அவுக அத மதுரைக்கு எடுத்துட்டுப் போனாக. அங்கன ஒருத்தர் புஸ்தகம் போடுதவரு. 'மொத ரெண்டுலயும் மாயம் இருந்துச்சு, சண்டை இருந்துச்சு. இதுல ஒரு பொம்பள சோறுல்லா பொங்கிக்கிட்டிருக்கா, எவன் படிப்பான்'ன்னுட்டாராம். ராத்திரி பஸ்ஸுல வந்தாக. விடிஞ்சதும் தாளுக் கட்டத் தூக்கி அடுப்பு பக்கத்துல போட்டாக. 'இத வச்சுப் பொங்கு'ன்னாக. நான் வேண்டாம்னேன். 'பொங்குட்டி'ன்னு ஒரு சத்தம். சரின்னு எடுத்தேன்."

"எடுத்துட்டு?" என்று கேட்டது ஃபியோனா. தமிழில்.

"நான் அஞ்சாப்பு படிச்சவ. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஒவ்வொரு தாளா வாசிச்சிட்டு வாசிச்சிட்டு வச்சேன். அன்னைக்கு காலைல ஆரம்பிச்சது, அடுத்த நாளு சாயங்காலம்தான் முடிஞ்சுது. சோறு, குழம்பு, வெந்நீ, ஒண்ணுமில்லாட்டி சும்மா தண்ணிய வச்சு எரிச்சேன். அவுக பாத்துக்கிட்டே இருந்தாக. நிறுத்துன்னு சொல்லுவாகன்னு பாத்தேன். சொல்லல. அவுக சொல்லட்டும்னு நானும் நிறுத்தல."

டெல்பின் சொல்லி முடித்தபோது ஐலா வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு ஏதோ கேட்டாள்.

"ரெண்டாம் பாகம் முடியும்போது கதாநாயகன் வேலாண்டி எல்லாத்தையும் மறந்துட்டு கசத்தூரு வாசல்ல காவக்காரனா உக்காந்திருக்கான்" என்றாள் டெல்பின். "அவன் வீட்டுக்குத் திரும்பினானான்னு இந்தப் பொண்ணு கேக்குது. பதினாலு வயசுல படிச்சதாம், அப்பயிருந்து யோசிச்சுக்கிட்டே இருக்காம்."

"திரும்பாமயா? பொண்டாட்டி போயி கூட்டிட்டு வந்தாள்லா" என்றாள் பிரம்மநாயகி, பக்கத்துத் தெருவில் நடந்ததைச் சொல்வது போல.

முருங்கைக்கீரையைத் தட்டில் வைத்தாள். பைய ஆரம்பித்தாள். வேலாண்டியின் மனைவி கல்லைக் கட்டிக்கொண்டு கசத்துக்குள் இறங்குகிறாள். அந்த ஊரில் ஒரு சட்டம். தான் யார் என்று அவளாகச் சொன்னால் இரண்டு பேரும் மீனாகிவிடுவார்கள். அதனால் காவல்காரர்களுக்குச் சோறு பொங்கும் வேலைக்குச் சேருகிறாள். தினமும் அவனுக்குப் பரிமாறுகிறாள். அவன் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அவனுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்துப் பார்க்கிறாள். சொதி வைக்கிறாள், அயிரை மீன் வைக்கிறாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒருநாள் வேண்டுமென்றே குழம்பில் உப்புப் போடாமல் வைக்கிறாள்.

"ஒரு வாய் வச்சான். மூஞ்சி மாறிப்போச்சு. தட்டத் தள்ளிட்டு, 'ஏட்டி பிரம்மநாயகி, உப்பு எங்கட்டி?'ன்னு ஒரு சத்தம் போட்டான். பேரச் சொல்லிட்டான்லா. அவ்வளவுதான், எல்லாம் ஞாபகம் வந்துட்டு."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அவுக அப்படியேதான் கத்துவாக."

டெல்பின் அந்தப் பெயரை இங்கிலீஷில் சொல்லும்போது நிறுத்தி, அம்மாவைக் கை காட்டினாள். புரிந்துகொள்ளப் பிள்ளைகளுக்கு ஒரு நிமிடம் ஆயிற்று.

குமரகுருபரன் கதவோரம் நின்றிருந்தான். அப்பாவின் புத்தகம் எதையும் அவன் பிரித்ததே இல்லை. அந்த மனிதருக்குத் தாளைத் தவிர வேறெதுவும் கண்ணில் பட்டதில்லை என்றுதான் இத்தனை வருடமும் எண்ணியிருந்தான்.

"அம்மா, உங்க பேரு அதுல இருக்குன்னு தெரிஞ்ச பொறவுமா எரிச்சிய?" என்று கேட்டான்.

"அந்தத் தாளு வரும்போது பாதிக்கு மேல எரிஞ்சு போச்சுல. கோவமும் வந்துச்சு. மொத ரெண்டு பாகத்துல அவளுக்குப் பேரே கெடையாது. இதுல என் பேர வச்சிருக்காக, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. சொல்லாமயே எரிக்கவும் சொல்லுதாக. நான் மட்டும் ஏன் சொல்லணும்னு அதையும் உள்ள வச்சேன். அவுக பாத்தாக. நான் வாசிச்சிட்டேன்னு அவுகளுக்குத் தெரியும். பொறவு கூட்டத்துல நான் இருக்கையிலயே அப்படிப் பேசுனாக. வார வழியில பஸ்ஸுல வாயத் தொறக்கல. வீட்டுக்கு வந்து அவுகளே காப்பி போட்டுக் குடுத்தாக. அதோட சரி."

ஃபியோனா போனில் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டார். பிரம்மநாயகி யோசித்தாள்.

"செய்யட்டும். ஆனா நான் எரிக்கலன்னு எழுத வேண்டாம். எரிச்சேன். அவுக குடுத்தாக, நான் வாசிச்சிட்டு எரிச்சேன். அப்படி எழுதச் சொல்லு."

ஃபியோனா அதை நோட்டில் எழுதி, இங்கிலீஷில் வாசித்துக் காட்டி, டெல்பின் வாயால் தமிழிலும் சொல்ல வைத்து, அம்மா தலையாட்டிய பிறகுதான் மூடினார். அன்று ஆற்றுக்குப் போகவில்லை. மத்தியானம் எல்லோரும் அங்கேயே கீரைச்சோறு சாப்பிட்டார்கள். சாயங்காலம் அட்டை கிழிந்த முதல் பாகத்தை அலமாரியிலிருந்து எடுத்து, யாருக்கும் தெரியாமல் டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டான் குமரகுருபரன்.

மறுநாள் அம்பாசமுத்திரத்துக்குப் புறப்பட்டார்கள். வீரவநல்லூர் தாண்டும்போது அவன் போன் அடித்தது. அம்மா.

"ஏலே, அந்தப் பிள்ளைக கூடத்தான் இருக்கா? ஒண்ணு விட்டுப்போச்சு. ராத்திரி படுத்த பொறவுதான் நெனப்பு வந்துச்சு."

ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி, ஸ்பீக்கரில் போட்டு, போனை டெல்பின் கையில் கொடுத்தான். பின்னால் இருந்தவர்கள் சீட்டை விட்டு எழுந்து முன்னால் வந்து நெருக்கிக்கொண்டார்கள்.

"ஞாபகம் வந்த உடனே வா வீட்டுக்குப் போவோம்னு அவன் கையப் பிடிச்சு இழுக்கான். அவ வரமாட்டேங்கா. 'இவ்வளவு ஆழம் எறங்கி வந்திருக்கேன், அடுப்பங்கரையத் தவிர ஒண்ணும் பாக்கல. ஊரச் சுத்திக் காட்டிட்டுக் கூட்டிட்டுப் போ'ங்கா. அவனும் சரின்னுட்டான். நாலு நாளு சுத்துதாக. அதுல்லா நல்லா இருக்கும், அத எப்படி விட்டேன்னே தெரியல."

"சொல்லுங்கம்மா" என்றான் குமரகுருபரன். "நாங்க நிக்கோம்."

"மொத நாளு சந்தைக்குப் போறாக" என்றாள் பிரம்மநாயகி. டெல்பின் நோட்டைப் பிரித்தாள்.