ஏழாவது ஆள்

“சோபிகா ஒரே இடியிலை ஏழு பேரை விழுத்தினவள். அதிலை ஒராள் விளையாட்டிலேயே இல்லை!”

குலசேகரம் மேசையில் குத்திய குத்தில் கோப்பிக் குவளைகள் ஒரு முழம் எழும்பிப் பிறகு இருந்தன. புலம்பெயர்ந்து வந்த குளிர்தேசத்தில், புருசெத் என்ற புறநகரில் உள்ள ஒரு சின்ன விளையாட்டுக் கழகத்தின் நிர்வாகக் கூட்டம் அது. கதிரைகள் பாதி காலியாகக் கிடந்தும் மகேந்திரராசா மட்டும் உட்காராமல் சுவரோடு சாய்ந்து நின்றார். அவர் மூக்கால் சிரித்தார்.

“ஏழு பேரோ? ஏன் காணும், டி-பானே ரயிலையும் கவிட்டவள் எண்டு சொல்லுமன்.”

“தண்டவாளம் தள்ளிக் கிடந்தது. அதாலை ரயில் தப்பிச்சுது!”

எல்லோரும் சிரித்தார்கள். குலசேகரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டங்கள் தொடங்கிய ஏப்ரல் மாதத்திலிருந்தே அவருக்குக் கோபம்.

கழகத்தில் பெண்கள் ஆடும் அமெரிக்கன் புட்போல் அணி ஒன்று உண்டு. தலைவி அவருடைய மகள் யதுர்ஷா. ஐந்து ஆட்டம், ஐந்தும் தோல்வி. ‘இந்த அணியைக் கலைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை மைதானத்தை மூத்தோர் உதைபந்தாட்டத்துக்குக் கொடுங்கள்’ என்று மகேந்திரராசா தீர்மானம் கொண்டுவந்திருந்தார். மூத்தோர் அணியின் கோல்காப்பாளர் யார் என்று கேட்கவே தேவையில்லை.

யதுர்ஷாவின் அணிக்கு ஓடத் தெரியும், பிடிக்கத் தெரியும். இல்லாதது ஒருத்திதான். இந்த விளையாட்டில் பந்தெறிகிறவளுக்கு முன்னால் ஐந்து பேர் மதில் மாதிரி நிற்பார்கள். அந்த மதிலை உடைத்து, பந்து கையை விட்டுப் போகுமுன் அவளைப் பிடித்து விழுத்த ஒருத்தி வேண்டும். பாஸ் ரஷர் என்பார்கள். குலசேகரம் வைத்த பெயர் பாய்ச்சல்காரி. பாய்ச்சல்காரி இல்லாத அணிக்கு எதிரே பந்தெறிகிறவள் பஸ்ஸுக்கு நிற்பவள் போல நிற்கலாம். பேர்கன் நகரத்து அணியில் பந்தெறிகிறவள் முதல் ஆட்டத்தில் நின்ற இடத்திலேயே வாழைப்பழம் உரித்துத் தின்றுவிட்டுத்தான் பந்தை எறிந்தாள் என்று குலசேகரம் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணுவார்.

பாய்ச்சல்காரியைத் தேடி அவர் போகாத இடமில்லை. அம்மருட் கோயிலில் தேர் வடம் பிடித்த பெண்களின் தோள்களைப் பார்த்தார். கலியாண வீடுகளில் யார் சோற்று அண்டாவைத் தனியாகத் தூக்குகிறாள் என்று பார்த்தார். “பிள்ளைக்கு என்ன உயரம், என்ன நிறை?” என்று விசாரிக்கப்போக, ஒரு தாய் உள்ளே ஓடிப்போய் மகளின் சாதகத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். “எனக்கு மருமகள் வேண்டாம், மதில் உடைக்க ஆள்தான் வேணும்” என்று அவர் சொன்னதோடு அந்தக் குடும்பம் அவரோடு கதைப்பதில்லை.

கடைசியில் கண்டது டி-பானே சுரங்க ரயிலில். முப்பத்தொரு வருடம் ரயில் ஓட்டியவர் அவர். கதவுக்கு ஓடி வருகிற சனத்தைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே வயது போனது. இவள் ஏறுவாள், இவன் ஏறமாட்டான் என்று தோள் சரிவதை வைத்தே சொல்லிவிடுவார். ஓய்வுபெற்ற பின்பும் அந்தக் கண் ஓயவில்லை. அன்று கதவு மூடும் ஒலி கேட்டுக்கொண்டிருக்க, இரண்டு கையிலும் அரிசி மூட்டையோடு ஒரு பெண் படியிறங்கி வந்தாள். வாசலில் பத்துப் பதினைந்து ஆம்பிளைகள். ஒருவரும் விலகவில்லை, ஒருவரும் விழவுமில்லை. அவள் உள்ளே நின்றாள். கதவுதான் பயந்துபோய் இன்னொரு தரம் திறந்து மூடியது.

முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் சோபிகா அவள். நாள் முழுக்க ஆட்களைத் தூக்கி இருத்துகிற கை.

போன சனிக்கிழமை சோபிகா இறங்கிய முதல் ஆட்டம், மறுபடி பேர்கன்காரருடன். கையை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. பார்க்க வந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் காருக்குள். எல்லைக் கோட்டில், பந்து போன தூரத்தை அளக்கும் சங்கிலியின் கம்பைப் பிடித்துக்கொண்டு மகேந்திரராசா நின்றார். நிர்வாகத்தில் இருப்பவர்கள் முறை வைத்துச் செய்ய வேண்டிய வேலை அது. அவருடைய முகத்தைப் பார்த்தால் மரக்கட்டையைப் பிடித்தது மாதிரியா, பாம்பைப் பிடித்தது மாதிரியா என்று சொல்ல முடியாது.

முதல் பாய்ச்சலிலேயே சோபிகா மதிலை உடைத்தாள். குலசேகரம் துள்ளினார். பந்தெறிகிறவளுக்கு இரண்டடி முன்னால் சோபிகா சட்டென்று நின்றாள். திரும்பினாள். கீழே விழுந்து கிடந்த எதிரணிப் பெண்ணைக் குனிந்து தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றினாள்.

அதற்குள் பந்து போய்விட்டது.

நான்கு தரம் உடைத்தாள், நான்கு தரமும் குனிந்து கும்பிட்டாள். இடைவேளையில் இருபதுக்குப் பூச்சியம். குலசேகரத்தின் காதிலிருந்து புகை வந்தது. மூடுபனியில் பாதி அவருடையதுதான்.

“என்ன பிள்ளை செய்யிறாய்?”

“கால் பட்டிட்டுது மாமா.”

“படத்தான் வேணும்! அதுதான் விளையாட்டு!”

“கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேணும் எண்டு அம்மா சொல்லித் தந்தவ. யோசிக்க முதல் கை போகுது, நான் என்ன செய்ய?”

“ஆட்டம் முடிய ஒவ்வொருத்தியாத் தேடிப் போய்க் கும்பிடு. இப்ப இடி!”

“அப்பா, கத்தாதேங்கோ. அவள் பாவம்” என்றாள் யதுர்ஷா. அவளுடைய குரலும் கோபத்தில்தான் நடுங்கியது.

அந்த நேரம் பார்த்துப் பேர்கன்காரி தன் சப்பாத்தால் பந்தைத் தட்டினாள். குனிந்து பந்தைத் தொட்டாள். விரலைக் கண்ணில் ஒற்றிக் காட்டினாள். அவளுடைய அணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

சோபிகா அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சிரிக்கிறாள், மாமா.”

“ஓம். பார்த்தனான்.”

“அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரிக் கிடக்கு.”

பிறகு பேர்கன்காரருக்கு ஒரு புள்ளிகூட இல்லை. முதல் இடியில் மதிலின் ஓரத்துப் பெண் அடுத்தவள் மேல் சரிந்தாள், அவள் அடுத்தவள் மேல். ஐந்து பேரும் அடுக்கி வைத்த கதிரைகள் மாதிரி மடிந்தார்கள். பந்தெறிகிறவள் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எல்லைக் கோட்டுக்கு ஓடினாள். சோபிகா பின்னாலேயே பாய்ந்தாள். மூடுபனிக்குள் ஒரு சத்தம். சங்கிலி கிலுங்கியது. “ஐயோ!” என்று சுத்த யாழ்ப்பாணத் தமிழில் ஒரு ஆம்பிளைக் குரல்.

ஆட்டம் இருபதுக்குப் பதினான்கில் முடிந்தது. தோல்விதான். ஆனால் முடிந்த கையோடு சோபிகா எதிரணியில் ஒவ்வொருத்தியாகத் தேடிப் போய்த் தொட்டுக் கும்பிட்டாள். பேர்கன்காரி அழுதுகொண்டு அவளைக் கட்டிப்பிடித்தாள்.

“அவளவை பனி ஈரத்திலை வழுக்கி விழுந்தவை” என்றார் மகேந்திரராசா, கூட்டத்தில் சுவரை விட்டு அசையாமல். “தோத்தது தோத்ததுதான். இவர் சொல்லுறது முழுப் பொய்.”

“பொய்யோ? நீர் நாலடியிலை நிண்டனீர்! கண் என்ன பொக்கற்றுக்குள்ளையோ கிடந்தது?”

கழகத் தலைவி கரோலினா கையை உயர்த்தினாள். “குலசேகரம், நீ சொன்னதில் பாதியைக் கழித்தால்கூட என்னால் நம்ப முடியவில்லை. மகேந்திரராசா, சங்கிலி பிடித்தவன் நீ; இந்த அணி இனித் தேறும் என்பதற்கு அணிக்கு வெளியே நீதான் சாட்சி. நீ பார்க்கவில்லை என்றால் அணியைக் கலைப்பதைத் தவிர வேறு வழியில்லை.”

“நான் ஒண்டும் பார்க்கேல்லை.”

யதுர்ஷா தலையைக் குனிந்துகொண்டாள். குலசேகரம் மேசையில் குத்தக் கையைத் தூக்கி, குத்தாமலே இறக்கினார். அறுபத்தொன்பது வருடத்தில் அப்படி நடந்தது அதுதான் முதல் தரம்.

கதவு திறந்தது. வேலைச் சீருடையோடு, மூச்சிரைக்க, சோபிகா. யாரையும் பார்க்காமல் நேரே சுவரடிக்குப் போனாள்.

“மாமா, உங்களை எங்கையெல்லாம் தேடினனான். அண்டைக்கு நான் எழும்ப முதல் நொண்டி நொண்டிப் பனிக்குள்ளை போயிட்டியள். உங்களுக்கும் கால் பட்டது.” குனிந்து அவருடைய சப்பாத்தைத் தொட்டாள். கண்ணில் ஒற்றினாள். “இடுப்பு இப்பவும் நோகுதோ? இருக்க ஏலாமலோ நிக்கிறியள்?”

கூட்டத்தில் எல்லோருடைய கண்ணும் காலிக் கதிரைகளுக்குப் போய், அங்கிருந்து மகேந்திரராசாவுக்கு வந்தது. அவர் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் குனிந்து நின்ற அந்தத் தலையைப் பார்த்தார். அவருடைய கை தன்பாட்டில் போய் அதைத் தொட்டது.

“எழும்பு பிள்ளை.” பிறகு கரோலினாவின் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “ஓம். நடந்தது. ஏழு பேர்தான். ஏழாவது ஆள் நான்.”