திரை எட்டு என்றது

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பாபநாசம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில். பக்கத்தில் நின்றவர் போனில் யாரிடமோ, "விழுந்தது எனக்குத் தெரியும், மிஷினுக்குத்தான் தெரியாது" என்றார். காதில் விழுந்தது அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் நான் கட்டியது. மிஷின் விவரம் மட்டும் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொண்டேன்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "இசைவாணி பிறந்த வருஷம் ஆற்றில் தண்ணீர்..."

(வேண்டாம். அவள் பிறந்த கதை யாருக்கு வேண்டும்? நேராக வேலைக்கு வரட்டும்.)

2

அறுவடைக் காலம். அரிசி ஆலைக் களத்தில் இடமில்லாமல் நெல் லாரியிலேயே நிற்கிறது. நெல் அவித்த தண்ணீரைச் சுத்தம் பண்ணாமல் வாய்க்காலில் விட முடியாது. சுத்தம் பண்ணும் தொட்டிக்குள் காற்று ஊத ஒரு மிஷின். அதற்குப் பொறுப்பு இசைவாணி, வயது முப்பத்தாறு.

(கொஞ்சம் விளக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மிஷினின் தண்டு எதையும் தொடாமல் சுற்றும். காந்தம் அதை அந்தரத்தில் பிடித்திருக்கும். காந்தம் கைவிட்டால் தண்டு விழும். விழுந்தால் ஏந்த ஒரு வளையம் உண்டு, பேக்கப் பேரிங். மற்ற நேரம் அதற்கு வேலையே கிடையாது. முழு வேகத்தில் விழும் தண்டைப் பத்து தடவைதான் தாங்கும் என்று செய்தவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் அது உடைந்தால் தண்டு மிஷினையே அரைத்துவிடும்.)

எத்தனை முறை விழுந்தது என்று மிஷினில் ஒரு திரை காட்டும். அன்று காலை எட்டு என்றது. ஆனால் மிஷினை நிறுத்தியபோது, தண்டு 'டக்' என்று உட்கார வேண்டிய இடத்தில் 'கரக்' என்றது.

3

"எட்டுதானே? இன்னும் ரெண்டு இருக்குல்ல" என்றார் மேனேஜர் தமிழ்மாறன். "அறுப்பு முடியட்டும், பிரிச்சுக்கலாம்."

"ரீசார்ஜ் பேலன்ஸா சார் அது, தீர்ற வரைக்கும் ஓட்ட? சத்தம் சரியில்ல."

"சத்தத்துக்கெல்லாம் ஆலையை நிறுத்துவாங்களா? ரெண்டு நாள் நின்னா அத்தனை லாரியும் குடவாசல் ஆலைக்குத் திரும்பிடும். நீங்க போய் டிரைவருங்களுக்குப் பதில் சொல்றீங்களா?"

"சொல்றேன் சார்."

(முதல் பிரதியில் அவள் இங்கே பாத்ரூமுக்குப் போய் அழுதாள். அடித்துவிட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டவள் அழ மாட்டாள், காரணம் தேடுவாள்.)

4

ஆபரேட்டர் குஞ்சிதபாதத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். முதலில் எழுதியது: "அன்றும் தள்ளாடியபடி வந்த குஞ்சிதபாதம்..."

இல்லை. அவர் குடிக்கிறவர் இல்லை. ரொம்பப் பொறுப்பானவர். சிக்கலே அங்கேதான். இருபது வருஷம் பம்புசெட் ஓட்டிய கை அது. லைட் மங்கினால் தானாக மெயினுக்குப் போகும்.

"அண்ணே, கரண்ட் ஆடுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"என்னம்மா கேள்வி? மெயினை இறக்கிடுவேன். மோட்டார் காயில் எரிஞ்சு போயிடாது?"

"மெயின் மட்டுமா?"

"பக்கத்துல பேட்டரி சுவிட்சையும்தான். அரகொறையா வுடுவனா?"

இசைவாணி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கரண்ட் போனால் தண்டு நிற்கும் வரைக்கும் காந்தத்தைப் பிடித்துவைப்பதே அந்த பேட்டரிதான். அதையும் அணைத்தால் தண்டு முழு வேகத்தில் விழும். திரையும் கூடவே அணைந்துவிடும். எண்ணாது.

"எத்தன தடவண்ணே?"

"இந்த அறுப்புல நாலு. அஞ்சாக்கூட இருக்கும்." அவர் முகம் மாறியது. "நானே கெடுத்துட்டனா?"

"காப்பாத்தணும்னுதான இறக்கினீங்க. அந்த சுவிட்சைத் தொடாதீங்கன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. அத நான் சார்கிட்ட சொல்றேன். உங்களுத நீங்க சொல்லுங்க."

"வேல போயிடும்மா."

"ரெண்டு பேருக்கும்தான் போகும். வாங்க."

5

தமிழ்மாறன் முன்னால் குஞ்சிதபாதம் துண்டை முறுக்கிக்கொண்டே நின்றார்.

"திரை எட்டுங்குது சார். பேட்டரியையும் இறக்கி நான் விழ வச்சது நாலஞ்சு. விழுந்தது எனக்குத் தெரியும், மிஷினுக்குத்தான் தெரியாது."

சுவிட்சைத் தொடாதீர்கள் என்று தான் சொல்லாமல் விட்டதை இசைவாணியும் சொன்னாள். தமிழ்மாறன் அவளிடம், "பிரிச்சுப் பாத்து நல்லா இருந்துச்சுன்னா?" என்றார்.

"திரும்ப மாட்டிடுவேன் சார்."

"அப்ப லாரிக்காரன்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

"என் மூஞ்சிதான் போவுது. ஒத்துக்கிட்டேனே."

கேட்டுக்குப் போனாள். பதினோரு டிரைவர்கள். திட்டு எல்லாம் வாங்கிக்கொண்டு, ஸ்பேனரோடு திரும்பி வந்தாள்.

6

என்னிடம் இரண்டு முடிவு இருந்தது. ஒன்றில் பேரிங் விரிசல் விட்டிருக்கிறது. தமிழ்மாறன் தலையைக் குனிகிறார். இன்னொன்றில் பேரிங் புதுசு மாதிரி மின்னுகிறது. டிரைவர்கள் ஒரு வாரம் சிரிக்கிறார்கள்.

கதை விழுந்தால் ஏந்திக்கொள்ளட்டும் என்று முதல் முடிவைக் கடைசி வரைக்கும் வைத்திருந்தேன். இப்போது கிழித்துவிட்டேன். விரிசல் இருந்தால்தான் அவள் செய்தது சரி என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள். அதை அவளுக்கு நான் செய்ய மாட்டேன்.

போல்ட் எல்லாம் கழற்றியாகிவிட்டது. குஞ்சிதபாதம் டார்ச் பிடித்திருக்கிறார். தமிழ்மாறனும் சட்டைக் கையை மடித்துவிட்டு வந்து நிற்கிறார். இசைவாணி மூடியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாயிற்று.

மறுபக்கம் நீங்கள் பிடியுங்கள். கனமாக இருக்கும்.